கட்டிலருகே நிற்கும் விசுவாசம்

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வார்டுகளுக்குள் வருவோர் பழங்களோடும் ஹார்லிக்ஸ் பாட்டில்களோடும் சில சொற்களையும் சுமந்து வருகின்றனர். "ஆண்டவர் சோதிக்கிறார்", "குடும்பத்தில் என்ன குறை என்று ஆராய்ந்து பாருங்கள்", "விசுவாசம் மட்டும் உறுதியாக இருந்தால் நாளைக்கே எழுந்து நடப்பீர்கள்" என்பவை அவற்றுள் சில. சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் அன்பின் மிகுதியால், பேசாமலிருக்க இயலாமையால், இவ்வாறு பேசுகின்றனர். ஆயினும் அவர்கள் புறப்பட்டுப் போன பின்னர் அந்தக் கட்டிலில் கிடப்பவர் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துக்கொள்வதைச் செவிலியரும் உதவியாளரும் காண்கின்றனர். நோய் என்னும் சுமையின் மேல், 'என் விசுவாசம் போதவில்லை' என்னும் இரண்டாம் சுமை ஏற்றப்பட்டுவிட்டது. கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது பற்றிப் பலரும் பேசுகின்ற நாளில், மருத்துவமனை வார்டில் அது எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைக் குறித்து எங்கள் கருத்தைத் திறந்த மனத்தோடு எழுத விரும்புகிறோம். இதை வாசிப்போரில் பிற சமயத்தாரும் உண்டு என்பதை அறிவோம். அவர்களுக்கும் இதில் பயன் இருக்கும் என்றே நம்புகிறோம்.

யோபுவின் நண்பர்கள் மூவரைப் பற்றி நம் பிரசங்கங்களில் நல்லதாக ஒன்றும் கூறப்படுவதில்லை. ஆனால் அவர்கள் தொடக்கத்தில் செய்த செயல் மிகச் சிறந்தது. நண்பனின் துயரம் எத்தனை கொடியது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தனர். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய் திறந்து, அவன் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் தவறினர். நூலின் முடிவில் கடவுளின் சினம் யோபுவின் மேல் விழவில்லை. அவனுக்கு அறிவுரை கூறிய அந்த நண்பர்கள் மேலேயே விழுந்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டபோது, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் வினவியதையும் யோவான் நற்செய்தி கூறுகிறது. இயேசு இரண்டையும் மறுத்தார். மறுத்துவிட்டுச் சேறு குழைத்து அவன் கண்களில் பூசினார். ஆராய்ச்சி முடிந்தது, கைவேலை தொடங்கியது. நோயாளியின் கட்டிலருகே நின்று பாவக் கணக்குப் பார்க்கும் உரிமையை எவருக்கும் வேதாகமம் வழங்கவில்லை என்பதே எங்கள் உறுதியான எண்ணம்.

நல்ல சமாரியன் உவமையை அறியாத கிறிஸ்தவர் இல்லை. அதை ஒரு மருத்துவமனைக்காரனின் கண்ணோடு வாசித்தால் வேறு சில செய்திகள் புலப்படும். அவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். அந்நாளைய முதலுதவி அது. தன் வாகனத்தில் ஏற்றினான். அப்படியானால் அவன் நடந்து சென்றிருக்க வேண்டும். சத்திரத்தில் இரவு முழுதும் உடனிருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்தான். ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம் அது. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். அந்த உவமையில் சமாரியன் வாயிலிருந்து வரும் சொற்கள் இவ்வளவே. இவனைக் கவனித்துக்கொள் என்னும் வேண்டுகோளும் பணம் கட்டுவதைப் பற்றிய பேச்சும் மட்டுமே. காயம்பட்டவனுக்கு அவன் உபதேசம் ஏதும் செய்யவில்லை. பில் கட்டும் சாளரத்தின் முன் வரிசையில் நின்று கால் கடுக்கும் உறவினர்கள், தாங்கள் ஆன்மிகத்துக்குப் புறம்பான வேலை ஒன்றில் அகப்பட்டுக்கொண்டோம் என்று எண்ண வேண்டியதில்லை.

நம் மாநிலத்தின் மருத்துவ வரலாற்றிலும் இத்தகைய விசுவாசத்துக்குச் சான்றுகள் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால், பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் இறந்ததும், அது ஐடா ஸ்கடரின் வாழ்வைத் திருப்பியதும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. அந்த இரவைப் பற்றிச் சொல்பவர்கள் அதன் பின்னர் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை என்பது எங்களுக்குச் சிறு குறை. அவர் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அழைப்பு ஓர் இரவில் வந்தது. அதற்குக் கீழ்ப்படிந்து முடிக்க ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது.

கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்ச்சி இழந்த விரல், சூட்டையும் வெட்டையும் அறியாமல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் பொறுமையாக ஆராய்ந்து காட்டினர். இரவில் முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருப்பதன் காரணத்தைத் தேடியபோது, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதன் பின் வீடு திரும்பும் நோயாளிகளோடு பூனையும் அனுப்பப்பட்டது. மருந்துச் சீட்டில் பூனையை எழுதிய மருத்துவம் வேறெங்கும் இருந்திருக்குமா என்று நாங்கள் வியப்பதுண்டு. மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்தியது அவருடைய பெரும்பணி. ஆனால் எங்களுக்கு அதைவிட நெருக்கமானது செருப்பு. உணர்விழந்த பாதத்தில் புண் உண்டாகாதபடி மென்மையான ரப்பரில் செருப்பு செய்வதற்காக அவரும் குழுவினரும் நெடுங்காலம் பாடுபட்டனர். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த உழைப்பின் வழியில் வந்ததே. வீட்டுக்குள்ளும் அதை அணியுங்கள் என்று எத்தனை முறை கூறினாலும் பலர் வாசலில் கழற்றிவிடுகின்றனர் என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லி வைக்கிறோம்.

அந்த பிராண்ட், தொழுநோயாளி ஒருவரின் தோளில் கைவைத்து மொழிபெயர்ப்பாளர் வழியே சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் விம்மி அழத் தொடங்கினாராம். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் கலங்கினார். பல ஆண்டுகளாகத் தம்மை ஒருவரும் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம். இதைப் படிக்கும் உறவினர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது எளிய ஒன்று. நோயாளியிடம் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாதீர்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, அவருடைய கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருங்கள். மருத்துவர் தடை செய்திருந்தாலன்றி, தொடுவதற்கு அஞ்ச வேண்டாம்.

மேரி வர்கீஸ் அதே வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் எழுந்து நடக்கவில்லை. இதை நாங்கள் அழுத்தியே எழுதுகிறோம். அவருக்காகச் செய்யப்பட்ட ஜெபங்கள் குறைவாக இருந்திருக்க முடியாது; அவருடைய விசுவாசத்திலும் குறை காண இயலாது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, முதுகுத்தண்டு முறிந்தோருக்கான பணியை வேலூரில் வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. நடப்பவரே விசுவாசி என்னும் அளவுகோலை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் வருவோர் இந்த அம்மையாரை எங்கே நிறுத்துவார்கள்?

இனி, உயிரோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெபக் கூட்டத்தில் 'சுகம் பெற்றேன்' என்று அறிவித்த மகிழ்ச்சியில் மாத்திரையை நிறுத்திவிட்டு, சில வாரங்களில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படுவோர் உண்டு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி நினைவு தப்பலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகி, வீட்டிலுள்ள குழந்தைக்கும் பரவலாம். கடவுள் குணமாக்கியிருந்தால் பரிசோதனை அதைக் காட்டும். மருந்தைக் குறைக்கும் முடிவை அதன் பின்னர் மருத்துவர் எடுப்பார். குணம் பெற்ற தொழுநோயாளியையும் ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கும்படி இயேசு அனுப்பினார் அல்லவா? தவக்கால உபவாசமும் இவ்வாறே. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரிடம் கேளாமல் உபவாசம் தொடங்குவது ஆபத்தானது. நம் சபைகளின் பொதுமரபு நோயுற்றோரை உபவாசக் கடமையால் கட்டியதில்லை.

வலி பற்றியும் ஒரு சொல். 'கிறிஸ்து சிலுவையில் பாடுபட்டார், நாமும் தாங்குவோம்' என்று புற்றுநோயாளிக்கு வலி மருந்தை மறுக்கும் குடும்பங்களை நாங்கள் சந்திக்கிறோம். சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். செவிலியராகவும் பின் சமூகப் பணியாளராகவும் இருந்து, இறுதியில் மருத்துவமும் படித்து, 1967-இல் லண்டனில் இறுதிக்காலப் பராமரிப்புக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். வலி தலைதூக்கும் வரை காத்திராமல், குறித்த நேரத்தில் ஒழுங்காக மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறை. மருத்துவர் கண்காணிப்பில் இவ்வாறு கொடுப்பதால் நோயாளி போதைக்கு அடிமையாகிவிடுவார் என்னும் அச்சம் தேவையற்றது. பிறர் வலியைப் பிறருக்காகச் சிலுவையாக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஜெபம் செய்ய வருவோருக்கு எங்கள் வேண்டுகோள்: முதலில் நோயாளியிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வருந்தாமல் அமருங்கள். தாழ்ந்த குரலில், சுருக்கமாக ஜெபியுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் அறுவை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். அவர் இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருக்கலாம். அவருடைய உறக்கமும் நம் பொறுப்பே. அவருக்குத் துணையாக யாரும் வராத நாளில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் பிடித்துக் கொடுப்பதற்கு எந்தச் சமயத்தாரும் தடை சொன்னதில்லை.

கடைசியாக, உடனிருப்போரே, உங்களுக்கு. இரவெல்லாம் விழித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, பெட்பேன் எடுத்து, காலையில் ஜெபிக்கவும் வலுவின்றி அமர்ந்திருப்போர் 'கடவுளை மறந்துவிட்டேனோ' என்று எங்கள் ஆற்றுப்படுத்துநரிடம் கேட்பதுண்டு. சாக வேண்டும் என்று விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவிடம் தேவதூதன் முதலில் உபதேசம் பேசவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணீரும் கொடுத்தான். எலியா உண்டு, மீண்டும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறை வந்தபோதும் உணவுதான் கொடுத்தான். கடவுளின் குரல் பல நாள் கழித்துத்தான் வந்தது. ஆகவே இன்றிரவு உங்கள் அண்ணனோ நாத்தனாரோ ஒரு நாள் மாறி இருக்கிறேன் என்று முன்வந்தால் மறுக்காதீர்கள். அவ்வாறு எவரும் இல்லையெனில் இரவுப் பணிச் செவிலியரிடம் சொல்லிவிட்டுச் சென்று, மூன்று மணி நேரமாவது கால் நீட்டிப் படுங்கள். அதுவரை அவர் உங்கள் நோயாளியைப் பார்த்துக்கொள்வார்.