கட்டை விரல் பத்திரம்

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடைபெறும் மான்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாகச் சென்ற வாரப் பத்தியின் கடைசி வரியில் வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்குள்ள தாராளமும், அதைக் காப்பாற்றுவதில் எனக்குள்ள சோம்பலும் நெடுநாள் வாசகர்கள் அறியாத விஷயமல்ல. ஆயினும் இம்முறை மெய்யாகவே எழுத உட்கார்ந்தேன் என்பதற்குச் சாட்சியாக, எழுதிய மட்டும் கீழே தருகிறேன்.

மொனாக்கோ என்ற அந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்குக் குளிர்காலத்திலும் தனவந்தர்களை வரவழைக்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு 1911-ஆம் வருஷம் தொடங்கியது இந்தப் பந்தயம். ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து அவரவர் புறப்பட்டு, பனியையும் மலையையும் கடந்து, மத்தியதரைக் கடலோரத்தில் வந்து கூட வேண்டும். முதல் வருஷம் கலந்துகொண்டவை 23 வண்டிகள். பாரிஸிலிருந்து வந்த ஆன்ரி ரூஜியே என்பவர் ஜயித்தார். ஜயித்தார் என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கே அதில் சண்டை. ஏனெனில் வேகத்துக்கு மட்டுமல்லாமல், வண்டியின் லட்சணத்துக்கும், உள்ளே அமர்ந்திருந்தவர்களின் சௌகரியத்துக்கும், வந்து சேர்ந்தபோது வண்டி எந்தக் கோலத்தில் இருந்தது என்பதற்கும் பெண் பார்க்க வந்த பிள்ளை வீட்டாரைப் போல மார்க்குப் போட்டார்கள். இருபது வருஷம் கழித்து, 1931-இல், டொனால்ட் ஹீலி என்ற ஆங்கிலேயர் நார்வே தேசத்து ஸ்டாவாங்கரில் தம்முடைய இன்விக்டா வண்டியோடு புறப்பட்டு, வழியில் தந்திக் கம்பம் ஒன்றில் மோதி, அடிபட்ட வண்டியை அப்படியே ஓட்டிவந்து முதல் பரிசைத்

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சப்தம்.

மூன்று வாரமாக நான் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மான்ட் மாகாணத்தில் மகள் வீட்டில் தங்கியிருப்பதும், இங்கே தயிர் தோய மறுப்பதும், பூட்ஸ் அணிந்து கழற்றுவதிலேயே என் பகல் பொழுது கழிவதும் ஏற்கெனவே இப்பத்தியில் விஸ்தாரமாக வெளிவந்துவிட்டன. அன்று இரவு முழங்காலளவு பனி விழுந்திருந்தது. மகளுடைய மோட்டார், அதைச் செய்தவர்கள் பெயரை விட்டுவிடுகிறேன், காலையில் கிளப்பினவுடன் முகப்பில் நான்கைந்து விளக்குகளை ஏற்றிக்கொண்டு, தன் கண்களைப் பனி மறைத்துவிட்டதென்றும் துடைத்துவிட வேண்டுமென்றும் கீச்சிட்டு முறையிட்டது. துடைத்தோம், மீண்டும் முறையிட்டது. மகள் அன்று வேலைக்குப் போகவில்லை. அந்தக் கோபத்தோடுதான் நான் மான்டி கார்லோவைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்ட சப்தம், மாவு மில்லும் தையல் யந்திரமும் கூட்டுச் சேர்ந்தால் எழக்கூடிய சப்தம். எழுந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே மேட்டின் மேலுள்ள பால்பண்ணைக்குச் சொந்தக்காரரான பெரியவர், 1924-ஆம் வருஷத்து ஃபோர்டு டி-மாடல் வண்டியொன்றில், ரேடியேட்டருக்கு மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தி, கான்வாஸ் கூரையின் மேல் ஒரு சாண் பனியையும் சுமந்துகொண்டு, தபால் பெட்டி வரைக்கும் வந்து, தபாலை எடுத்துக்கொண்டு, திரும்பிப் போனார். போகும்போது எனக்குக் கையும் ஆட்டினார்.

இப்பத்தியில் நான் ஓயாமல் புலம்பும் கயிற்று விஷயத்தை இங்கே மறுபடியும் எடுக்காமல் இருக்க முடியவில்லை. பழைய மோட்டார்களைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, சுற்றிலும் வெல்வெட்டுக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை மாட்டி வைக்கும் காட்சிசாலைகளை நான் நாற்பது வருஷமாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காட்சிசாலையில் மட்கார்டின் மேல் விரலை வைத்ததற்காகக் காவலரிடம் வசவு வாங்கிய கதையை இரண்டு தடவை எழுதியும் இருக்கிறேன். இதே வெர்மான்டைச் சேர்ந்த ஜாக்ஸன் என்ற டாக்டர், 1903-இல், 50 டாலர் பந்தயத்துக்காக, ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரையில், சாலையே இல்லாத தேசத்தின் குறுக்கே, வின்டன் என்ற வண்டியை 63 நாளில் ஓட்டிக் காட்டினார். ஊர் திரும்பியபின், மணிக்கு 6 மைல் என்ற வரம்பை மீறியதாக அவருக்கு அபராதம் விதித்தார்கள். அந்த வண்டி இன்று வாஷிங்டனில் அருங்காட்சியகப் பொருள். அத்தனை மண்ணைத் தின்ற வண்டி இனி ஒரு பிடி மண்ணையும் பார்க்கப் போவதில்லை.

பனிக்காலத்தில் பழைய வண்டியை வெளியே எடுக்காதவர்களிடம் மட்டும் எனக்குக் கோபமில்லை. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். நூறு வயதுத் தகட்டுக்கு அது விஷம். ஆனால் இந்த மாகாணத்தில் பாதிக்கு மேற்பட்ட சாலைகள் இன்றும் சரளைச் சாலைகள்தாம். சரளையில் உப்பிட்டால் சேறாகிவிடும் என்பதனால் மணலை மட்டும் தூவுகிறார்கள். பெரியவருடைய வண்டி அந்தச் சரளைச் சாலையை விட்டு இறங்குவதே இல்லை.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு வந்தால் கிளப்புவதைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியனுப்பினார். “அப்பா, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டு போங்கள்” என்றாள் மகள். போனேன். வேதகாலத்து யாகம் ஒன்றை நேரில் பார்த்தவன் எப்படித் திரும்புவானோ, அப்படித் திரும்பினேன்.

முதலில் வென்னீர். சமையலறையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டிலைக் கொண்டுவந்து, பெட்ரோல் ஆவி உள்ளே போகும் குழாயின் மேல் அபிஷேகம் செய்தார். பிறகு ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினார். இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, விளக்கினார். இந்த வண்டியில் என்ஜினும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயில் ஊறுகின்றன. கிளச் என்பது அந்த எண்ணெயில் முழுகிக் கிடக்கும் இரும்புத் தட்டுகளின் அடுக்கு. குளிரில் எண்ணெய் வெல்லப்பாகாக இறுகிவிட்டால் தட்டுகள் ஒன்றையொன்று விடமாட்டா. நாம் எதிரே நின்று ஹாண்டிலைச் சுற்றும்போதே வண்டியையும் சேர்த்துச் சுற்றுகிறோம். தப்பித் தவறி என்ஜின் பிடித்துக்கொண்டால், வண்டி நன்றி தெரிவிப்பதுபோல முன்னே நகர்ந்து, கிளப்பினவரைக் கொட்டகைச் சுவரோடு சாத்திவிடும். சக்கரத்தைத் தூக்கிவிட்டாலோ அது அந்தரத்தில் சுற்றும், ஆள் பிழைப்பான்.

அதன்பின், ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்புறமுள்ள நெம்பை மேலே தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி செய்தார். வலப்புற நெம்பைச் சிறிது இறக்கி, பெட்ரோலுக்கு வழிவிட்டார். இந்த வண்டியில் வேகத்துக்குக் கால் மிதி கிடையாது, எல்லாம் கைவேலை. முன்னே வந்து, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வளையத்தை இழுத்துக் காற்றை அடைத்து, இடது கையால் ஹாண்டிலைப் பற்றினார். பற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறம் வளைக்காமல் அவற்றோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டதை எனக்குத் தூக்கிக் காட்டினார். தீப்பொறி முந்தி விழுந்து என்ஜின் எதிர்த்து உதைத்தால், வளைத்துப் பிடித்த கட்டை விரல் முறியும். விரலோடு நிற்காமல் மணிக்கட்டும் முறியும். அந்தக் காலத்து வைத்தியர்கள் இந்த எலும்பு முறிவை மிக நன்றாக அறிவார்கள்.

எனக்குப் பால்யம் நினைவுக்கு வந்தது. கும்பகோணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில், ஒவ்வொரு நாள் விடியலிலும் கிளீனர் பையன் ஹாண்டில் போடுவான், டிரைவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, “விரலைப் பாத்துடா!” என்று கத்துவார். அந்தக் கத்தலின் அர்த்தம் அறுபத்தைந்து வருஷம் கழித்து வெர்மான்டில் எனக்கு விளங்கிற்று.

நான்கு மரப்பெட்டிகளிலுள்ள காயில்கள் வண்டுகளைப் போல ரீங்கரித்தன. ஏழாவது இழுப்பில் என்ஜின் பிடித்தது. பெரியவர் ஜாக்கியை இறக்கினார். வண்டி தன் உயரமான சக்கரங்களில் நின்று நடுங்கிற்று.

எரிசாராயத்தையும் தண்ணீரையும் கலந்து ரேடியேட்டரில் ஊற்றுவதுதான் அந்நாளைய வழக்கம். சாராயம் கலந்தால் நீர் எளிதில் உறையாது. ஆனால் என்ஜின் சூடேறச் சூடேறச் சாராயம் ஆவியாகிவிடும் என்பதால் மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும். 1920 முதல் 1933 வரையில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அக்காலத்தில் வீட்டிலுள்ளவர்களில் சட்டபூர்வமாகவும் தாராளமாகவும் குடித்துக்கொண்டிருந்தது இந்த மோட்டார் ஒன்றே.

ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் பக்கத்தில் கதவு இருப்பதுபோல் தகட்டில் கோடு மட்டும் கிழித்திருக்கிறார்கள், கதவு கிடையாது. பெரியவர் என் பக்கமாக ஏறி நகர்ந்து உட்கார்ந்தபின்தான் நான் ஏற முடிந்தது. என் காலடியில் துணி சுற்றிய ஒரு கல்லை வைத்தார், இளஞ்சூடு. தொட்டுப் பார்த்தேன்: மாக்கல். நம் பாட்டிமார் வற்றல் குழம்பு வைக்கும் கல்சட்டியின் கல் எதுவோ, அதே ஜாதிக் கல். அடுப்பை அணைத்த பிறகும் அரைமணி நேரம் குழம்பு கொதிக்கும் அந்தக் கல்லின் குணத்தை அறிந்து, இவ்வூர் ஜனங்கள் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிக் காலத்திலிருந்து அதைக் காலுக்கு அடியில் வைத்துப் பிரயாணம் செய்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் குழம்பின் ஸ்தானத்தில் நான் இருந்தது அந்த ஒரு காலைதான்.

மூன்று மிதிகள் உண்டு. எதுவும் நாம் நினைக்கும் மிதியன்று. இடது மிதியை அழுத்தினால் மெதுவான கியர். விட்டால் வேகமான கியர். நடுவில் நிறுத்தினால் எதுவும் இல்லை. நடு மிதி பின்னோக்கிச் செல்ல. வலது மிதிதான் பிரேக். அதுவும் சக்கரத்தைப் பிடிக்காமல் கியர்ப் பெட்டியைப் பிடிக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட்டர் வைக்காத இந்த மலிவு ரகத்தில் விளக்குகளுக்கு மின்சாரம் என்ஜினிலுள்ள காந்தச் சக்கரத்திலிருந்தே வருகிறது. ஆகையால் வேகமாகப் போகும்போது ஒளி பிரகாசிக்கும், வளைவு கண்டு மெதுவாக்கினால், வெளிச்சம் வேண்டிய அந்த க்ஷணத்தில், மங்கிவிடும். பெட்ரோல் டாங்கி இருப்பது நம் ஆசனத்துக்கு அடியில். அங்கிருந்து தானாக வழிந்துதான் என்ஜினுக்குப் போக வேண்டும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வழியாது. வண்டியைத் திருப்பி, பின்னோக்கி ஏற வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள மேட்டை நாங்கள் அப்படித்தான், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினோம்.

பனியில் அது வழுக்கவில்லை என்று சொன்னால் பொய். இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்கும் மாட்டைப் போலச் சென்றது. ஆனால் உயரமான, மூன்றரை அங்குல அகலமேயுள்ள அந்தச் சக்கரங்கள் புதுப்பனியைக் கத்திபோலக் கிழித்து அடியிலுள்ள மண்ணைத் தொட்டுவிடுகின்றன. பின்சக்கரங்களில் சங்கிலி சுற்றியிருந்தது. சேற்றில் வண்டி ஓட்டுகிறவர்கள் டயரில் கயிறுகளையும் கொடிகளையும் சுற்றிக்கொள்வதைப் பார்த்து, நியூயார்க் மாகாணத்துக்காரரான ஹாரி வீட் என்பவர் 1904-இல் பேட்டண்ட் எடுத்த யோசனை அது. இதற்கும் மேலே போனவர் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த வர்ஜில் ஒயிட். டி-மாடலின் முன்சக்கரங்களைக் கழற்றிச் சறுக்குப் பலகை மாட்டி, பின்னால் பட்டைச் சங்கிலி பூட்டி, 1917-இல் பேட்டண்ட் பெற்றார். டாக்டர்களும் தபால்காரர்களும் அதை வாங்கினார்கள்.

1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்த வண்டி இது. ஆரம்பத்தில் 850 டாலர் விற்றது, பிற்காலத்தில் 260 டாலர் வரைக்கும் இறங்கிற்று. இதைப் பற்றி எழுத்தாளர் ஈ. பி. ஒயிட் 1936-இல் எழுதிய விடைபெறும் கட்டுரையை நான் எத்தனை முறை இப்பத்தியில் சிபாரிசு செய்திருக்கிறேன் என்று கணக்கெடுத்த ஒரு வாசகர் ஒன்பது என்று கடிதம் போட்டிருந்தார். இது பத்தாவது. 1922-இல் சிநேகிதர் ஒருவரோடு டி-மாடலில் அமெரிக்காவின் மறுகோடி வரைக்கும் போனவர் அவர். ரிச்சர்ட் ஸ்ட்ரௌட் என்பவர் அனுப்பிய விஷயத்திலிருந்து கிளைத்ததால், இருவர் பெயரையும் கலந்து லீ ஸ்ட்ரௌட் ஒயிட் என்று கையெழுத்திட்ட நாணயமும் அவருடையது. யந்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் புகழ்வார்கள், அல்லது பழிப்பார்கள். இவர் இறந்துபோன வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார். அதை வாசித்து முப்பது வருஷமாகியும், அந்த வண்டியில் நான் ஏறியது இந்த வாரந்தான். நான் கற்பனை என்று நினைத்தவையெல்லாம் வெறும் வர்ணனை.

மான்டி கார்லோ அடுத்த வாரம். அல்லது அதற்கடுத்த வாரம்.

நம் தேசத்துக்கு வந்த டி-மாடல்கள் கனடாத் தொழிற்சாலையில், வலப்புறம் ஸ்டீயரிங் வைத்துச் செய்யப்பட்டவை. தாத்தா காலத்து வண்டியொன்று, டி-மாடலோ வேறெதுவோ, மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் கிடக்கிறது என்று அவ்வப்போது எனக்கு எழுதும் அன்பர்கள் சிலர் உண்டு. அதை மெருகேற்ற வேண்டாம். கயிறும் கட்ட வேண்டாம். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஹாண்டிலைத் தேடி எடுங்கள். நம் ஊரில் வென்னீர் வேண்டியதில்லை, ஜாக்கியும் வேண்டியதில்லை. இடது கையால் கீழிருந்து மேலே இழுங்கள். கட்டை விரல் மட்டும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்கட்டும்.