தட்டுச் சத்தத்துக்கு அசையாத பிள்ளை

எல்லையின் இருபுறமும் குழந்தைகள் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

கேரளப் பக்கத்தில் பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையிலிருந்து ஒரு பாட்டி எழுதுகிறேன். எங்களுக்குச் சந்தை களியக்காவிளை. கொள்வினை கொடுப்பினை தமிழ்நாட்டின் விளவங்கோடு தாலுகாவில். 1956-இல் மாநிலம் பிரிந்தும் சம்பந்தம் பிரியவில்லை. மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். 2020 ஜனவரிக் கடைசியில் பேரன் பிறந்தான். ஆறாம் வார ஊசியை அங்கேயே போட்டு, மார்ச் நடுவில் இங்கே கூட்டி வந்தோம். பத்து நாளில் கொரோனா ஊரடங்கு.

இந்தப் பக்கம் குத்திவைப்பு, அந்தப் பக்கம் தடுப்பூசி, இரண்டுக்கும் புதன்கிழமைதான். ஆனால் பத்தாம் வார ஊசிக்கு இங்கே போனபோது, "இது தமிழ்நாட்டு அட்டை, அங்கேயே போடுங்கள்" என்றார்கள். அங்கே போக ஊடுவழிகளை அடைத்திருந்தார்கள். பெருவழியில் பாஸ் கேட்டார்கள். நாங்கள் நடந்துபோய் மீன் வாங்கும் தூரம் அது! ஐந்தாம் மாதத்தில்தான் அந்த ஊசி ஏறியது.

என் ஆவலாதி ஊசியைப் பற்றியல்ல. விட்ட தவணையைப் பிறகு போடலாம்; போட்டோம். 2020-இல் உலகில் 2.3 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் கிடைக்காமல் போயின என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்குச் சொல்லின. ஊசிக்குக் கணக்கு உண்டு. ஊசி போடும் நாளில் எடை பார்த்து, கழுத்து நிற்கிறதா, கூப்பிட்டால் பார்க்கிறானா என்று கேட்பார்களே, அந்தக் கேள்விகள் விடுபட்டதற்கு எந்தப் பதிவேட்டில் கணக்கு இருக்கிறது?

2020 மார்ச் 22, மாலை 5 மணி. மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல, ஊரோடு சேர்ந்து நானும் வாசலில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். பக்கத்தில் மகன் தோளில் தூங்கிய பேரனுக்கு இமைகூட அசையவில்லை. "என்ன சமத்து!" என்று மெச்சிக்கொண்டோம்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆண்பிள்ளை தாமதித்துத்தான் பேசும் என்றார்கள், நானும்தான் சொன்னேன். 2020 மார்ச்சில் மூடிய அங்கன்வாடிகள் 2022 பிப்ரவரியில்தான் திறந்தன. அங்கன்வாடி தரும் அமிர்தம் சத்துப்பொடி வீடு தேடி வந்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் கொண்டுவந்தவர் நோய்க்குப் பயந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார், பிள்ளையைப் பார்க்கவில்லை. மூன்று வயதில் அங்கன்வாடியில் சேர்த்த முதல் வாரமே டீச்சர் சொன்னார்: "பின்னால் நின்று கூப்பிட்டால் இவன் திரும்புவதில்லை." சோதித்துப் பார்த்தால், இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட குறையை முன்பே கண்டுகொள்ளும் சோதனை ஒன்றும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையம் 1991-இல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள். பிள்ளையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நிறுத்தினால், அதற்கு இடப்பக்கம் உள்ளதையெல்லாம் பிள்ளை செய்தாக வேண்டும். அவற்றில் ஒன்று, மணியோசைக்குத் தலை திருப்புவது.

நான் கேட்பது இரண்டே. எந்தப் பக்கத்து அட்டையோடு வந்தாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். 2019 முதல் 2021 வரை பிறந்த எல்லைக் கிராமப் பிள்ளைகளை வீடு தேடி வந்து, பேச்சையும் காதையும் பாருங்கள். வகுப்பில் "மந்தம்" என்று பேரெடுத்து உட்கார்ந்திருப்பவனுக்குக் காதுதான் கேட்கவில்லையோ என்னவோ.

பேரன் இப்போது காதுக்கருவி வைத்திருக்கிறான். போன வாரம் அடுக்களையில் அதே தட்டு கைதவறி விழுந்தது. திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, இஞ்சிவிளை