தலையெழுத்து எந்த பாஷையில்?

பிள்ளை செத்தால் விதி, பெண் விதவையானால் விதி, கடனில் நிலம் போனால் விதி என்பதாக நம் மக்கள் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. ஆகவே இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது, யாருக்காக எழுதியிருக்கிறது என்று சற்று விசாரித்துப் பார்ப்பது அவசியமென்று நினைக்கிறோம்.

விதி என்றால் ஏற்பாடு, கட்டளை, சட்டம் என்றுதான் பொருள். இலக்கண விதி என்கிறோம், சங்கத்து விதி என்கிறோம். இவைகளையெல்லாம் செய்தவர்கள் மனிதர்களே. சங்கத்து விதி ஒத்துவரவில்லையானால் பொதுக்கூட்டம் போட்டுத் திருத்திக்கொள்ளுகிறோம். தலைவிதி என்று வந்துவிட்டால் மாத்திரம், எழுதினவனைக் கண்டவனும் இல்லை, திருத்த வழியும் இல்லையாம்!

ஆதாரம் கேட்டால், மண்டை ஓட்டில் கோணல் கோணலாய்க் கோடு தெரிகிறதே, அதுதான் பிரமன் எழுத்து என்று காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோழர்களே, அந்தக் கோடுகள் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுவாய்களேயாகும். மூளையை மூடியிருக்கும் மண்டை எட்டு எலும்புகளால் ஆனது. பிறக்கும்போது இவை ஒட்டாமல் இருப்பதனால்தான் குழந்தையின் தலை சற்று நெருங்கிக்கொடுத்து வெளியே வர முடிகிறது. பிறகு மூளை வளரவும் இடமிருக்கிறது. தாய்மார்கள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி அந்த இடைவெளிதான். அது ஏறக்குறைய ஒன்றரை வயதில் மூடிக்கொள்ளும். இதே கோடுகள் வெள்ளைக்காரன் மண்டையிலும் உண்டு, சீனாக்காரன் மண்டையிலும் உண்டு. கசாப்புக் கடையில் ஆட்டுத் தலையை வாங்கிப் பார்த்தால் அதிலும் உண்டு. ஆட்டுக்குப் பிரமன் எந்த பாஷையில் எழுதினானோ தெரியவில்லை. 1951-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்த ஜனங்களுக்குத் தலையெழுத்து மாத்திரம் தவறாமல் இருந்ததாம்!

ஆயுள் பிரமன் போட்ட கணக்கு, அதில் ஒரு நாழிகை கூடாது குறையாது என்கிறார்கள். பெரியம்மையை எடுத்துக்கொள்வோம். அதன் கொடிய வகை கண்ட பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகம் போயிற்று, சிலருக்குக் கண் போயிற்று. இதற்கும் விதி என்றே பெயர் சொல்லப்பட்டது. 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற வைத்தியர் மாட்டம்மைப் பாலைக் குத்தித் தடுக்கலாம் என்று காட்டினார். அம்முறை 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. வீடு வீடாய்ப் போய் ஊசி குத்தி, 1975-ல் இந்தியாவில் அந்நோய் நின்றது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. இந்த நாட்டில் பிறந்தவனுடைய சராசரி ஆயுள் 1947 வாக்கில் முப்பத்திரண்டு வருஷம். இப்போது எழுபதை ஒட்டியிருக்கிறது. பிரமன் தன் எழுத்தை அடித்துத் திருத்தினானா, அல்லது ஊசி குத்தினவன் திருத்தினானா என்று கேட்கின்றோம்.

இனிப் பெண்கள் சங்கதி. புருஷன் செத்தால் பெண்டாட்டியின் தலையெழுத்து என்கிறார்கள். பெண்டாட்டி செத்தால் அது புருஷனுடைய தலையெழுத்து என்று எவனும் சொல்லக் காணோம். கருமாதி முடியுமுன் பெண் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் தாலி கட்டி, பத்து வயதில் அறுத்து மூலையில் உட்காரவைத்ததற்கும் விதி என்றே பெயர். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயதாக வேண்டுமென்றது. 1978-ல் பதினெட்டு ஆக்கினார்கள். அன்று வைதீகர்கள் மதம் போச்சு, சாஸ்திரம் போச்சு என்று கூச்சல் போட்டார்கள். விதியில் அவர்களுக்கு மெய்யாகவே நம்பிக்கை இருந்திருக்குமானால், சர்க்கார் சட்டம் விதியை என்ன செய்துவிடும் என்று வீட்டில் சும்மா இருந்திருக்கலாமே!

வட்டிக் கடைக்காரர் நெற்றியில் இருப்பதைவிட அவர் இரும்புப் பெட்டியில் இருக்கும் புரோநோட்டுதான் அவருக்குப் பெரிது. கொடுத்த பணம் விதியிருந்தால் வரும் என்று அவர் இருப்பதில்லை. முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டு ஜப்தி கொண்டுவருகிறார். வீட்டைவிட்டு வெளியேறுகிற கடன்காரனுக்கு மாத்திரம் "எல்லாம் உன் தலைவிதி அப்பா" என்று உபதேசம் செய்கிறார். பண்டிதர்கள் குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் இல்லையா என்பார்கள். இருக்கிறது. ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது; அதை ஏழைக்கு எடுத்துச் சொல்லும் பண்டிதரைத்தான் காணோம்.

துக்கப்பட்டவர்களுக்கு விதி ஓர் ஆறுதல், அதையும் பிடுங்க வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். வாந்தி பேதியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் நாம் தர்க்கம் செய்யப்போவதில்லை. ஆனால் அழுது முடித்து அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அதே குட்டைக்குத்தானே போகிறாள்? வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றனவே? அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் ஏன் இல்லை என்று பஞ்சாயத்தில் கேட்க நாலு பேர் புறப்பட வேண்டும் என்பதே நாம் சொல்லுவது. அப்படிப் புறப்படுகிறவர்களை "விதியை மாற்றவா போகிறீர்கள்?" என்று கேலி பேசித் தடுக்கிறவன் யாரென்று விசாரித்துப் பாருங்கள். அனேகமாய் அவன் வீட்டுக் கொல்லையில் தனிக் கிணறு இருக்கும்.