அந்தப் பையன் கேட்டதுதான் சரி



"வழவழப்பாக இருந்தால் உராய்வு குறையும்" என்று முப்பது வருடம் நடத்தினேன். ஒருநாள் சந்தையில் கருவாடு விற்கும் அம்மாவின் மகன் எழுந்தான். "சார், சுறாத் தோலை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினா உப்புத்தாள் மாதிரி இருக்கு. அது எப்படி சார் வேகமா நீந்துது?"

"பாடத்துல இருக்கிறதைப் படி, உட்காரு" என்றேன்.

மேசைமேல் கட்டையை இழுக்க என் பாடம் சரி. ஓடும் நீருக்கும் காற்றுக்கும் அது எப்போதும் பொருந்தாது. சுறாவின் நுண்ணிய செதில்களில் நீர் ஓடும் திசையிலேயே வரிவரியாக மேடுகள் உண்டு. அவை சிறு நீர்ச்சுழல்களைத் தோலில் படியவிடாமல் தள்ளி வைப்பதால் இழுவை குறைகிறது.

அதைப் பார்த்து, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள வரிகள் கொண்ட படலத்தை ஜெர்மனியின் லுஃப்தான்சா டெக்னிக்கும் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனமும் தயாரித்தன. 2022 முதல் சுவிஸ் விமான நிறுவனம் தன் போயிங் 777 விமானங்களில் அதை ஒட்டிப் பறக்கிறது. எரிபொருளில் மிச்சம் சுமார் ஒரு சதவீதம். இவ்வளவுதானா என்று சிரிக்காதீர்கள். பெரிய விமானம் ஒன்றுக்கு அது வருடத்தில் நூற்றுக்கணக்கான டன்.

இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, "பாடத்தில் இல்லை" என்பது பதிலே அல்ல. நம் அறியாமைக்குப் போடும் திரை. "தெரியாதுப்பா, பார்த்துச் சொல்றேன்" என்றால் மரியாதை குறையாது. பெற்றோர்களே, "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டுப் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

தம்பி, நீ தொட்டுப் பார்த்துக் கேட்டாய். நான் புத்தகத்தை மட்டும் பார்த்தேன். இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.