சத்திரத்தின் சாவி

வீட்டுக்கு வந்தவர் யாராயிருந்தாலும் ஒரு செம்பு தண்ணீரைக் கையில் கொடுத்து, அவர் குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்ட பிற்பாடுதான் எந்த ஊர், என்ன காரியம் என்று விசாரிப்பது நம் பக்கத்துச் சம்பிரதாயம். சாதாரணக் குடித்தனக்காரனுக்குத் தெரிந்த இந்தச் சம்பிரதாயம் சர்க்காருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதும், சுதந்திரம் வந்த நாள் தொட்டு மத்திய சர்க்கார் சுற்றுலாத் துறையை நடத்திவந்திருக்கிற விதத்தில், வாசலில் நின்று வாருங்கள் வாருங்கள் என்று கூவுகிற உற்சாகம் மிகுதியாகவும், வந்தவருக்குச் செம்பை எடுத்து நீட்டுகிற சிரத்தை சொற்பமாகவும் இருந்திருக்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

இந்தக் கோணல் நேற்று ஏற்பட்டதன்று. 1945இல், உலக யுத்தம் ஓய்ந்த சமயத்தில், அப்போது இந்திய சர்க்காரின் கல்வி ஆலோசகராக இருந்த ஸர் ஜான் ஸார்ஜண்ட் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, பிரயாணிகளை வரவழைப்பதற்கென்று தனி ஸ்தாபனம் வேண்டும் என்று மறு ஆண்டில் யோசனை கூறிற்று. அதையொட்டி 1949இல் போக்குவரத்து மந்திரி இலாகாவின் மூலையில் ஒரு சிறு கிளை முளைத்தது. டில்லியிலும் பம்பாயிலும் முதலில் அலுவலகங்கள் திறந்தார்கள். 1951இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் திறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள்! 1951இல் நம் நாட்டைப் பார்க்க வந்த அந்நியர்கள் மொத்தம் 16,829 பேர். திருவாரூர்த் தேரோட்டத்தன்று ஒரு வீதியில் அதைவிட அதிகமான ஜனங்கள் நிற்பார்கள். ஆனால் அந்தத் தலைமுறையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. யந்திரத்துக்கும் தானியத்துக்கும் டாலர் தேடி அலைந்த காலம் அது. டாலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தானாகவே வந்து இறங்கும் மனிதனைத் தேடிப் போனது இயற்கையே. யுனெஸ்கோ மகாநாட்டுக்காக 1956இல் டில்லியில் அசோகா ஹோட்டலை எழுப்பியதும், 1958இல் சுற்றுலாவைத் தனி இலாகாவாக்கியதும், சீன யுத்தத்துக்குப் பின் வருகை குறைந்தபோது அதை ஆராய ஜா கமிட்டியை நியமித்து, 1966இல் சுற்றுலா அபிவிருத்திக் கழகத்தை நிறுவியதும் எல்லாம் அந்த ஒரே நோக்கத்தின் கிளைகள். கழகம் கட்டிய விடுதிகளில் பலவற்றை, மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியும் மதுரை விடுதியும் உட்பட, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்றுவிட்டார்கள். 2023 மார்ச்சோடு கடல் கடந்த அலுவலகங்களையும் மூடிவிடுவதென்று தீர்மானித்தார்கள். நோக்கம் மாத்திரம் மாறவில்லை. 2002இல் பிறந்த ‘இன்கிரெடிபிள் இந்தியா’ விளம்பரத்தின் அழகை நான் மறுக்கவில்லை. விருந்தினரைத் தெய்வமாகக் கருது என்ற உபநிஷத வாக்கியத்தையே பெயராகச் சூட்டிச் சில ஆண்டுகள் கழித்து நடத்திய பிரசாரத்தையும் ரசித்தவன்தான். ஆனால் விருந்தோம்பலை விளம்பரத்தில் சொல்லவேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்ற சிறு உறுத்தல் அப்போதே இருந்தது.

2019ஆம் ஆண்டில், அதாவது பெருந்தொற்றுக்கு முந்திய கடைசி நல்ல வருஷத்தில், நம் நாட்டுக்கு வந்த அந்நியப் பிரயாணிகள் 1.09 கோடிப் பேர். அதே ஆண்டில், நம் தமிழ்நாட்டின் ஜனத்தொகைகூட இல்லாத தாய்லாந்து ஏறக்குறைய 4 கோடிப் பேரை வரவேற்றது என்று எடுத்துக்காட்டி அங்கலாய்ப்பவர்கள் உண்டு, நானும் அங்கலாய்த்ததுண்டு. ஆனால் இந்தக் கணக்கை வெளியிடும் சுற்றுலா அமைச்சகத்தின் அதே புள்ளிவிவரப் புத்தகத்தில் சில பக்கங்கள் தள்ளிப் பார்த்தால், அந்த 2019இலேயே நம்மவர் நம் நாட்டுக்குள் சென்றுவந்த வருகைகள் 230 கோடிக்கு மேல் என்று அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 49 கோடிக்கு மேல். இது தலைக் கணக்கன்று, வருகைக் கணக்கு. மதுரைக்கும் போய் பூரிக்கும் போனவர் இரண்டு தடவை எண்ணப்படுவார். எவ்வளவு கழித்துப் பார்த்தாலும், இந்தத் துறையின் உண்மையான எஜமானர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் நின்றுகொண்டே வந்து, நடைபாதையில் தலையணையின்றிப் படுத்து, விடியலில் ஸ்நானம் செய்து, சுவாமி பார்த்துவிட்டு ஊர் திரும்பும் அந்த ஜனங்களுக்கு யாரும் நியூயார்க்கில் ஆபீஸ் போட்டு அழைப்பு அனுப்பவில்லை.

‘சுற்றுலா’ என்ற சொல்லைப் புனைந்தவர் தமிழறிந்தவர்தாம் என்பதில் ஐயமில்லை. எனினும், நம் பிரபந்தங்களில் உலா என்பது அரசனோ ஆண்டவனோ அலங்காரத்தோடு வீதியில் பவனி வருவதும், ஏழு பருவத்துப் பெண்கள் மாடத்தில் நின்று மயங்குவதுமாகும். அந்தப் பவனியின் வாசனை இந்தச் சொல்லை விட்டு இன்னும் போகவில்லை. யாத்திரை என்பது வேறு ஜாதி. மஞ்சள் பையில் புளியோதரையும், முந்தானை முடிச்சில் சில்லறையும், காலில் கொப்புளமும் யாத்திரையின் அடையாளங்கள். உலா வருபவனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு யாத்திரிகன் தெரிவதில்லை.

இதற்கு அரசியல் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. இதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. ஏழாவது அட்டவணையில் சுற்றுலா என்ற சொல்லே கிடையாது. உள்நாட்டு யாத்திரைகள் மாநிலப் பட்டியலின் 7ஆவது இனம். சத்திரங்களும் சத்திரக்காரர்களும் அதே பட்டியலின் 31ஆவது இனம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த புராதனச் சின்னங்கள் மத்திய சர்க்காருடையவை என்றாலும் அவற்றின் பரிபாலனம் கலாசார அமைச்சகத்தின் கீழுள்ள தொல்லியல் துறையிடம் இருக்கிறது. விசா உள்துறையிடம், ரயில் ரயில்வேயிடம், விமானம் விமானத் துறையிடம். இப்படி வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு பண்டத்தை எடுத்துக்கொண்டு போன வீட்டில், சுற்றுலா அமைச்சகத்துக்கென்று மிஞ்சியவை இரண்டே இரண்டு: விளம்பரம் செய்யலாம், மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கலாம். விளம்பரத்தில் அது காட்டிய மோகத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சற்று அனுதாபம்கூடப் பிறக்கிறது. மானியத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யாத்திரிகனை உபசரிப்பது எப்படி என்பதை நம் தேசம் அந்நியரிடம் கற்கவேண்டிய அவசியமில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்னும் நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தைக் கேட்டாலே போதும். தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுகிலும் சத்திரங்களைக் கட்டி, அவற்றுக்கு நிலமும் எழுதிவைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் கம்பெனியாரின் ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில், இந்தச் சத்திரங்களில் நடக்கும் தர்மங்களை விஸ்தாரமாக விவரித்திருக்கிறார்: வந்தவர் யாவருக்கும் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியமும் பத்தியமும், குழந்தைகளுக்குப் பால், வழியில் பிரசவிக்கும் பெண்களுக்குப் பராமரிப்பு, அங்கேயே இறந்துபோனவருக்கு அந்திமக் கிரியை. ராஜ்யம் கையை விட்டு நழுவும் காலத்திலும் சத்திரங்களுக்கு எழுதிவைத்த வருமானத்தைத் தொட்டுவிடாதீர்கள் என்பதுதான் அக்கடிதத்தின் சாரம். கட்டடத்தைப் பற்றிய பெருமை அதில் அதிகமில்லை; அன்றாடம் அடுப்பு எரிவதைப் பற்றிய கவலைதான் அதிகம்.

அரண்மனைக்குப் போகவேண்டாம், சாலையோரத்துச் சுமைதாங்கியைப் பாருங்கள். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான். தலைச்சுமைக்காரன் மற்றொருவரின் உதவியின்றித் தன் சுமையைத் தோள் உயரத்துக்கு இறக்கவும், இளைப்பாறிவிட்டு மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரத்தில் அதை நிறுத்தியிருப்பார்கள். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நாட்டுவிப்பது வழக்கம். இறக்கிவைக்கப்படாத சுமையோடு போனவளுக்காக, ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர்களின் சுமை அங்கே இறங்குகிறது. அதற்குத் திறப்புவிழா கிடையாது. பூட்டுப் போடவும் இடமில்லை.

இப்போது நம் காலத்து உபசாரத்துக்கு வருவோம். நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த வாடகையுள்ள விடுதி அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதாக 2017 முதல் இருந்துவந்தது. 2019இல் சுற்றுலாவை ஊக்குவிப்பதற்கென்று வரியைக் குறைத்தபோது, 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளுக்கு 28 சதவீதம் 18 ஆயிற்று. மூன்று ஆண்டுக்குப் பின், 2022 ஜூலையில், அந்த 1,000 ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட அறைகளுக்கும் 12 சதவீதம் விதித்தார்கள். தர்ம ஸ்தாபனங்கள் தலங்களில் நடத்தும் அறைகளுக்கு விலக்கு உண்டென்று பிறகு விளக்கம் கொடுத்ததும், 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதமாக இறக்கியதும் நல்ல காரியங்கள். இந்த முடிவுகளை எடுப்பது மாநிலங்களும் அமர்ந்திருக்கும் கவுன்சில். ஆகையால் டில்லியை மட்டும் நொந்துகொள்வது நியாயமன்று. ஆனாலும், சலுகை எந்த அறையில் முதலில் நுழைந்தது, வரி எந்த அறையில் நுழைந்தது என்பதைக் கவனிக்க வேண்டாமா?

மனம் வைத்தால் முடியாது என்பதில்லை. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன ஜனாதிபதியும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, அந்த ஊரை ஒரு சில வாரங்களில் கழுவித் துடைத்து, புல்தரை போட்டு, விளக்கேற்றிவிட்டார்கள். விருந்தாளிகள் இருவர், இரண்டு நாட்கள். அதே ஊரின் ஐந்து ரதங்களைப் பார்க்க நம்மவர் 40 ரூபாயும் அந்நியர் 600 ரூபாயும் சீட்டு வாங்கிக்கொண்டு வருஷம் முழுவதும் வருகிறார்கள். சித்திரை வெயிலில் அந்த மணலில் நிற்கும்போது 40க்கும் 600க்கும் தாரதம்மியம் ஏதுமில்லை.

மானியத்துக்கு வருகிறேன். 2014-15இல் தொடங்கிய ‘ஸ்வதேஷ் தர்ஷன்’ திட்டத்தில், ஒரே பொருளில் அமைந்த தலங்களைக் கோத்துச் சுற்றுப்பாதைகள் வகுத்து, வசதிகள் கட்டுவதற்கான முழுச் செலவையும் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. கட்டியதை நடத்துவதும் பராமரிப்பதும் மாநிலங்களின் பொறுப்பு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பாகப்பிரிவினையில்தான் விஷயம் கெட்டது. தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2023இல் பாராளுமன்றத்தின் முன் வந்தபோது, போதிய முன்னாராய்ச்சியில்லாமல் வேலைகளை ஏற்றதையும், குறித்த காலத்தில் முடியாததையும், முடிந்தவற்றில் சில உபயோகமின்றிக் கிடப்பதையும் அது எடுத்துக்காட்டிற்று. அந்த அறிக்கையைப் படிக்குமுன்பே நான் அதைக் கண்ணால் பார்த்திருந்தேன்.

கடலோரத் தீர்த்தத் தலம் ஒன்று. பெயர் வேண்டாம், எந்தத் தலத்தின் பெயரையும் அங்கே எழுதிக்கொள்ளலாம். தை அமாவாசைக்கு மறுநாள் காலை. கரையிலிருந்து நாற்பது அடி தூரத்தில், நீலப் பளிங்கு ஓடு ஒட்டி, எவர்சில்வர்க் கைப்பிடி வைத்து, பெண்கள் உடை மாற்றும் அறை என்று மூன்று பாஷையில் எழுதிய கட்டடம் அழகாகவே நின்றது. திறந்துவைத்தவர் பெயரும் தேதியும் கறுப்புக் கல்லில். கதவில் பூட்டு, பூட்டின் துவாரத்தில் உப்புக் காற்று ஏற்றிய துரு. பக்கத்தில் தேநீர் விற்ற அம்மாளைக் கேட்டேன்.

“ஏலம் விட்டாங்க, யாரும் எடுக்கலீங்க ஐயா. கரண்டு பில்லு யாரு கட்டுறது? சாவி ஆபீசுல இருக்கு” என்றாள்.

எந்த ஆபீசில் என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டப் பணம் கொடுத்தவர், கட்டியவர், ஒப்புக்கொண்டவர், ஏலம் விட்டவர் என்று நால்வர் இருக்கையில் அவள் யாரென்று சொல்வாள்? கட்டுவதற்குக் கொடுத்த கோடிகளில் ஒரு பகுதியைப் பத்து வருஷத்துக்குப் பெருக்குகிறவளின் சம்பளமாகவும், தண்ணீர்ச் செலவாகவும், மின்சாரக் கட்டணமாகவும் பஞ்சாயத்தின் பெயரில் எழுதிவைத்து, கதவு திறந்திருந்த நாட்களுக்கு மட்டும் அந்தப் பணம் போய்ச் சேரும்படி டில்லி ஒரு விதி செய்தால் என்ன? சரபோஜி சத்திரத்துக்கு நிலம் எழுதிவைத்தது அதற்காகத்தானே? புள்ளிவிவரப் புத்தகத்திலும் வருகைகளின் எண்ணிக்கைக்கு அருகே ஒரு பத்தி கூட்டட்டும்: கட்டியவை எத்தனை என்றல்ல, திறந்திருப்பவை எத்தனை என்று.

நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற சமயம், அந்தக் கட்டடத்தின் சுவர் நிழலில், எனக்குப் புரியாத ஒரு வடநாட்டுப் பேச்சில் சிரித்துப் பேசிக்கொண்டு ஐந்தாறு கிராமத்துப் பெண்கள் ஈரச் சேலையோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் ஒரு காய்ந்த சேலையை விரித்து இரு முனையிலும் பிடித்துக்கொண்டு, கைகளை உயர்த்தித் திரை போட்டார்கள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் புகுந்து வெளிவந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் நகர்ந்து, தேநீர்க் கடையைத் தாண்டியபின் ஒரு தரம் திரும்பிப் பார்த்தபோது, உடை மாற்றிக்கொண்ட ஒரு கிழவி, திரை பிடித்து நின்றவளை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் பிடித்திருந்த முனையைத் தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.