உப்பின் உந்துசக்தி



சென்ற வாரம் ஐந்தாம் வகுப்பில் வாந்திபேதி பற்றிப் பாடம் நடத்தினேன். "ஐயா, காலராக் கிருமிக்குக் கையுமில்லை, காலுமில்லை. அது எப்படி நீந்துகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி!

அக்கிருமிக்கு ஒரு வால் உண்டு. அது மீன்வாலைப்போல் அசைவதில்லை. மோட்டார் படகின் விசிறியைப்போல் சுழல்கிறது. வாலின் அடியில் இருக்கும் நுண்ணிய மோட்டாருக்கு எண்ணெய் வேண்டாம், உப்பே போதும்.

கேமரன் மலையில் நீரை அணையில் தேக்கி, கீழே பாயச் செய்து மின்சாரம் எடுக்கிறார்கள். மேட்டுநீர் பள்ளத்தை நாடுவதைப்போல, உப்பிலுள்ள சோடியம் அயனிகளும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நாடும். அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு. கிருமி, உணவால் பெற்ற சக்தியைக் கொண்டு சோடியத்தை ஓயாது வெளியேற்றுகிறது. அது மோட்டார் வழியே மீண்டும் உள்ளே பாயும்போது வால் சுழல்கிறது.

மனிதனும் உப்பின் வேற்றுமையை வேலை வாங்கிப் பார்த்தான். 2009-இல் நார்வேயில், ஆற்றுநீரையும் கடல்நீரையும் கொண்டு சுழலியை ஓட்டி மின்சாரம் எடுத்தனர். செலவு கட்டுபடியாகாமல் பின்னர் நிறுத்திவிட்டனர்.

நம் குடலிலும் இதே சக்திதான். சோடியம் குடலணுவுக்குள் பாயும்போது குளுக்கோசையும் உடன் அழைத்துச் செல்கிறது, தண்ணீரும் பின்தொடர்கிறது. 1960-இல் இதை விளக்கியவர் ராபர்ட் கிரேன். காலரா கண்டாலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த நிலை மாறி, 4 பேருக்கும் குறைவானது.

"தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும்" என்று நிறுத்தியதால்தான் என் பாட்டி தம் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தார். சொல்லிச் சொல்லி அழுவார்.

ஆகவே தாய்மார்களே, தண்ணீரை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியே சிறந்தது. அது கிடைக்கும்வரை, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பு கூடினால் ஆபத்து. சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். பிள்ளை சோர்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி கேட்ட மாணவி, இந்த அளவை அட்டையில் எழுதி வீட்டு அடுப்படியில் ஒட்டிவிட்டாளாம். நீங்களும் ஒட்டுவீர்களா?