யானை வில்லையும் நாலாண்டு வில்லையும்

பட்டாளத்துச் சிப்பாயின் தொப்பியிலே மின்னுகிற வில்லை வெறும் பித்தளைத் துண்டுதானே என்று எண்ணுவோர் உண்டு. அல்ல தோழர்களே, அல்ல! அதை அணிபவனை ஆளுவோர் எப்படி மதிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் சாசனம் அது.

சென்னை ரெஜிமெண்டின் சின்னத்தைப் பாருங்கள். குறுக்கிட்ட இரு வாள்கள், கேடயத்திலே யானை. வீரத்தையும் வலிமையையும் குறிப்பது யானை என்கிறார்கள். நல்ல விளக்கந்தான். ஆனால் அந்த யானை வந்த வழி என்ன? 1803 செப்டம்பர் 23-ஆம் நாள், இன்றைய மராட்டிய மாநிலத்து அசாயே என்ற சிற்றூரில் நடந்த போருக்குக் கிடைத்த பரிசு அது. எதிரே நின்றவை சிந்தியாவின் படையும் போன்சலேயின் படையும். கும்பெனிப் படையை நடத்தியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. குண்டடிபட்டு விழுந்தவர்களிலே சென்னைச் சிப்பாய்கள் பலர். வெற்றியின் பலனோ கும்பெனிக்கு! வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். சிப்பாய்க்குக் கிடைத்தது யானைச் சின்னம். இன்று அந்த ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் இருக்கும் நீலகிரி ஊரின் பெயரும் வெலிங்டன்தான்!

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. அதே சென்னைப் படைச் சிப்பாய்கள்மீது புதிய தலைப்பாகையைத் திணித்தது கும்பெனி. அதிலே தோலால் செய்த குஞ்சம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்றும் கட்டளை. மறுத்தவனுக்குக் கசையடி! 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டை வெடித்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். தலைப்பாகைக் கட்டளை திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர். அடையாளம் அற்ப விஷயம் என்போர் வேலூரை எண்ணிப் பார்க்கட்டும்.

இப்போது டெல்லிக்கு வருவோம். 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் கடற்படைக்குப் புதிய கொடி ஏற்றினார்கள். 2001-ல் அகற்றி, 2004-ல் மீண்டும் பொறித்திருந்த புனித ஜார்ஜ் சிலுவை போயிற்று. சத்ரபதி சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணம் வந்தது. அடிமைச் சின்னம் அகன்றது என்று முழங்கினார்கள். அகன்றது நல்லதே! அதை நாம் எதிர்க்கவில்லை. மராட்டிய வீரனை மதிப்பதிலும் நமக்குத் தடையில்லை. கடாரம்வரை கலம் செலுத்திய இராசேந்திரனின் புலி நினைவுக்கு வரவில்லையா என்று மட்டும் கேட்கிறோம்.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கொடி ஏறுவதற்கு எண்பது நாள் முன்னே, 2022 ஜூன் 14-ஆம் நாள், அதே சர்க்கார் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. நாலாண்டு ஊழியம், அதன்பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் நிலைக்க முடியும். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்ச ரூபாய்த் தொகை. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. அத்தோடு விட்டார்களா? இந்த வீரர்கள் தனிப் பதவிநிலை, சீருடையிலே தனி அடையாளம் அணியவேண்டும் என்றும் விதி செய்தார்கள்.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, இது உங்களுக்குப் புதிதா? நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிற அட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிற அட்டை. வேலை ஒன்று, வியர்வை ஒன்று, கூலி மட்டும் வேறு! அந்த ஆலை வாசல் வழக்கத்தைப் பாசறைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். குண்டு பாயும்போது அது, நாலாண்டுக்காரனா நிரந்தரக்காரனா என்று வில்லையைப் பார்த்தா பாயும்?

இராணுவம் இளமையாக இருக்கவேண்டும் என்கிறார்கள். இருக்கட்டும். அதற்காக இளைஞனை இளம் வயதிலேயே வீட்டுக்கு அனுப்புவதுதான் வழியா? அவன் முதுமைக்கு யார் பொறுப்பு?

கும்பெனி சிப்பாய்க்குச் சின்னம் கொடுத்தது. சிறப்பைத் தான் எடுத்துக்கொண்டது. கொடியிலே சிலுவையை அழித்தவர்கள் இந்தக் கும்பெனிக் கணக்கையும் அழிக்கவேண்டாமா? சின்னத்தை மாற்றியது போதும். சிப்பாயின் நிலையை மாற்றுங்கள் என்கிறோம். ஒரே படை, ஒரே வில்லை, உழைத்தவனுக்கு உரிய பென்ஷன். அதுவே அடிமைச் சின்னம் அகன்றதற்கு அடையாளம்!